வரவு எந்தப் பக்கம்? வர்த்தகம் படிக்காதவர்கள் கணக்கீட்டில் மாட்டிய கதைகள்

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:

உயர்தரத்தில் மெத்ஸ் செய்துவிட்டுப் பொறியியலுக்குப் போனவள் நான். இரண்டாம் வருடத்தில் ஒரு செமஸ்டருக்குக் கணக்கீடு கட்டாயப் பாடம். கூட்டல் கழித்தல்தானே என்று முதல் மூன்று வகுப்புகளைக் கன்டீனில் கழித்தேன். அதற்கான தண்டனை இடைத்தவணைப் பரீட்சையில் வந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு இரண்டு இடத்தில் பாடம் கேட்டேன். மாமாவின் மகள் கொமர்ஸ் படித்தவள். "காசு வந்தால் காசுக் கணக்கில் வரவு வை, போனால் செலவு வை. அவ்வளவுதான்" என்றாள். சரி. வரவு என்றால் இடப்பக்க டெபிட்டா, வலப்பக்க கிரெடிட்டா என்று அவளிடம் கேட்க மறந்துவிட்டேன். வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும் என்பதால் சென்னைக்காரர் ஒருவரின் வீடியோவைப் பார்த்தேன். அவர் தெளிவாகச் சொன்னார்: டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. இரண்டையும் சேர்த்து, காசு வந்தால் கிரெடிட் என்று மனதில் பதித்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் முதல் கேள்வி: உரிமையாளர் 100,000 ரூபா போட்டுத் தொழில் தொடங்குகிறார். காசை வலப்பக்கம் போட்டேன், மூலதனத்தை இடப்பக்கம். அடுத்தது கடை வாடகை 15,000. காசை இடப்பக்கம், வாடகையை வலப்பக்கம். இப்படியே பதினைந்து கொடுக்கல் வாங்கல்கள். கடைசியில் பரீட்சை மீதி (எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் மீதிகளைத் தனித்தனியே கூட்டிப் பார்க்கும் பட்டியல்) எடுத்தால் இரண்டு பக்கமும் சதம் பிசகாமல் ஒரே தொகை! சிரித்துக்கொண்டே தாளைக் கொடுத்தேன்.

இருபதுக்கு மூன்று. தாளின் ஓரத்தில் சேர் எழுதியிருந்தார்: "கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரி."

பிறகுதான் விளங்கியது. நம் இலங்கைப் புத்தகங்களில் டெபிட் என்பது வரவு, கிரெடிட் என்பது செலவு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் டெபிட் பற்று, கிரெடிட் வரவு. ஒரே தமிழ்ச் சொல் பாக்குநீரிணையைத் தாண்டினால் பக்கம் மாறிவிடுகிறது. இரண்டு பேர் சொன்னதும் சரி, நடுவில் நின்ற நான்தான் பிழை. வேறு யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா?

வெள்ளவத்தை 57:

நான் கலைப்பீடம், புவியியல். என் கதை சின்னது. காசு என்பது சொத்து, சொத்துக் கூடினால் டெபிட் என்று படித்த அதே கிழமை, மஹபொல புலமைப்பரிசில் காசு வந்ததாகப் போனுக்குச் செய்தி வந்தது. அதில் "கிரெடிட்" என்று போட்டிருக்கிறது. வங்கியே பிழை விடுகிறதே என்று சித்தியிடம் காட்டினேன். அவர் முப்பது வருடம் வங்கியில் வேலை செய்தவர். கண்ணாடியைக் கூடப் போடாமல் சொன்னார்: "அது உன்ர கொப்பி இல்லைப் பிள்ளை, எங்கட கொப்பி. நீ போட்ட காசு எங்களுக்குக் கடன். எப்ப கேட்டாலும் திருப்பித் தரவேணும்."

பேங்க் ஸ்டேட்மென்ட் என்பது வங்கியின் பேரேட்டில் என் பெயரில் உள்ள பக்கத்தின் பிரதி, அவ்வளவுதான். இது தெரியாமல், தன் காசுப் புத்தகத்தையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஒப்பிட்டு வங்கி இணக்கக் கூற்று செய்யப் போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பெட்டாக்காரன் மகள்:

எனக்குப் பரீட்சையில் பிரச்சினை வரவில்லை, வீட்டில்தான் வந்தது. உயிரியல் படிக்கிறேன். விருப்பப் பாடமாகக் கணக்கீடு எடுத்தேன். ஒரு சிறுதொழிலின் கணக்கைத் தயாரிக்கச் சொன்னார்கள். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் குறுக்குத் தெரு ஒன்றில் மின்சாதனக் கடை. வேறெங்கே போவேன்?

2022ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்தேன். அந்த மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டதும், 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது நினைவிருக்கும். அப்பாவிடம் பழைய விலையில் வாங்கிய 50 மின்விசிறிகள் இருந்தன, ஒன்று 6,000. அவற்றை 9,500க்கு விற்றார். முதலில் வந்தது முதலில் போகும் முறைப்படி எழுதினேன்: விற்பனை 475,000, கிரயம் 300,000, மொத்த இலாபம் 175,000. அப்பா வாசித்துவிட்டுக் கொப்பியை மேசையில் வைத்தார்.

"இலாபம் என்று எழுதியிருக்கிறாய். அதே ஃபேனை இப்ப எடுக்கப் போனால் ஒன்று பத்தாயிரத்து ஐந்நூறு. ஐம்பது எடுக்க எவ்வளவு வேணும்?"

525,000. விற்ற காசு முழுவதையும் போட்டாலும் 50,000 குறைகிறது. அதற்குள் தினமும் வீட்டுச் செலவுக்கு லாச்சியிலிருந்து 2,000 எடுத்திருக்கிறார். அதை எடுப்பனவு என்று தனியாகப் போட்டபோது "என்ர கடையில நான் எடுக்கிறதுக்கும் கணக்கா?" என்று முறைத்தது வேறு கதை.

வகுப்பில் கேட்டேன், கடைசியாக வாங்கிய விலையைக் கிரயமாகப் போடலாமா என்று. கடைசியில் வந்தது முதலில் போகும் முறையை இருப்புகளுக்கான சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 2 அனுமதிப்பதில்லை, நம் இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 2உம் அப்படித்தான் என்றார் மிஸ். ஆக, என் கணக்கும் சரி, அப்பாவின் கோபமும் சரி. இலாபம் வேறு, கையில் காசு வேறு என்பது புத்தகத்தில் ஒரு வரி. எங்கள் வீட்டில் அது இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

ஓடிட் அண்ணா:

தங்கச்சிமார், நான் கொமர்ஸ்காரன்தான், மன்னிக்கவும். கொட்டாஞ்சேனைப் பிள்ளை விட்ட பிழை பாடத்திலேயே இருக்கிறது. இரு பக்கமும் முழுதாகப் புரண்டால் பரீட்சை மீதி அந்தப் பிழையைக் கண்டுபிடிக்காது. ஒரு பதிவை அடியோடு மறந்தாலும் கண்டுபிடிக்காது. சமன் வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே கணக்குக் கோப்பை நீட்டும் ஆட்களை நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்க்கிறேன், அவர்களில் கொமர்ஸ்காரர்களும் உண்டு. டெபிட் இடப்பக்கம், கிரெடிட் வலப்பக்கம். அதற்கு மேல் அந்தச் சொற்களில் நல்லது கெட்டது தேடாதீர்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு பக்கத்திலும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் முதன்முதலாக அச்சுப் புத்தகத்தில் விளக்கி எழுதிய லூக்கா பசியோலி ஒரு கணித ஆசிரியர். ஆகவே மெத்ஸ் பிள்ளைகள் எங்களைத் திட்ட வேண்டாம், உங்கள் ஆள்தான் அதை அச்சில் ஏற்றியது.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:

பசியோலியை இனி மரியாதையோடு திட்டுகிறேன். இறுதிப் பரீட்சையில் தப்பிவிட்டேன், சி பிளஸ். பெட்டா அக்கா, அப்பா பிறகு பேசினாரா?

பெட்டாக்காரன் மகள்:

பேசினார். இப்போது ஒவ்வொரு பெட்டியின் மேலும் பென்சிலால் இரண்டு விலை எழுதுகிறார். மேலே வாங்கிய விலை, கீழே இன்றைக்கு எடுத்தால் என்ன விலை என்பது. கீழே உள்ளதை அழித்து அழித்து எழுதி அட்டையே தேய்ந்துவிட்டது. எடுப்பனவு மட்டும் இன்னும் எழுதுவதில்லை.