பியரைத் தெளியவைக்கும் பொருளுக்கு ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். உணவுத் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பானங்களின் கலங்கலை நீக்கும் பாடத்தில், வெளிநாடுகளில் வீட்டில் காய்ச்சும் பியரை ஜெலட்டின் போட்டுத் தெளியவைப்பதை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் இங்கே காய்ச்சக் கூடாது என்று அடிக்குறிப்பும் போட்டுவிட்டேன். ஜெலட்டின், மீனின் காற்றுப்பையில் எடுக்கும் பசை, வைனுக்குப் போடும் முட்டை வெள்ளைக்கரு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுப்பெயர் தேவை. இப்போதைக்கு ‘தெளிவாக்கி’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கச்சி, புதிதாக எதுவும் ஆக்கத் தேவையில்லை. சொல் நம் காட்டிலேயே நிற்கிறது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துக் குளத்துத் தண்ணீரைத் தெளியவைத்த சனம் நாங்கள். கலித்தொகை 142இல் ‘இல்லத்துக் காழ் கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல்’ ஒருத்தி தெளிகிறாள். இல்லம் அங்கே வீடு இல்லை, தேற்றா மரம். காழ் அதன் கொட்டை. தேறு தன்வினை, தேற்று பிறவினை. அதோடு ‘இ’ சேர்த்தால் தேற்றி. மண்வெட்டி, சேர்ந்தாரைக்கொல்லி எல்லாம் அப்படி வந்தவைதானே? மதுவுக்கும் வேர் இதுவே. புறநானூறு 56இல் யவனர் தந்த ‘தண்கமழ் தேறல்’ வருகிறது. தேறியது தேறல், தேறவைப்பது தேற்றி.

மன்னாரிலிருந்து ஒரு வாசகர்:

ஐயா, ‘தேற்றா’ எதிர்மறை அல்லவா? தெளியவைக்காத கொட்டை என்றல்லவா ஆகும்?

வவுனியா:

இல்லை தம்பி. எதிர்மறைப் பெயரெச்சமானால் ஓடாக்குதிரை என்பது போலத் தேற்றாக்கொட்டை என்று வலி மிக்கிருக்கும். விளாங்காய் போல மெல்லெழுத்து வருகிறது பாருங்கள். பலா, விளா, நுணா வரிசையில் இதுவும் மரப்பெயர். நுணாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்னொரு நாளைக்கு.

ரொறன்ரோ, வீட்டில் பியர் காய்ச்சுபவர்:

நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன், அப்புறம் பெயரை முடிவு செய்யுங்கள். நொதித்தல் முடிந்த பியரை உறைநிலைக்குக் கிட்டக் குளிரவைப்போம். 19 லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை ஜெலட்டின் தூள் போதும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, 65–70 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் புரதச் சங்கிலி அறுந்து வலு குறைந்துவிடும். பியரின் அமிலத்தில் ஜெலட்டினுக்கு நேர் மின்னேற்றம், மதுவத்துக்கு (நொதிக்கவைக்கும் ஈஸ்ட்) மறை மின்னேற்றம். ஒன்றையொன்று பிடித்துத் திரண்டு, இரண்டு நாளில் அடிமண்டியாக இறங்கிவிடும். ஆக, ஜெலட்டின் செய்வது படியவைக்கும் வேலை. தெளிவு அதற்குப் பிறகு தானாக வருவது. ‘படிவி’ என்பதே சரி. தெளிவாக்கி என்றால் வடிகட்டியும் அதற்குள் வந்துவிடும்.

முல்லைத்தீவு, இரசாயனவியல் ஆசிரியை:

படிவி வேண்டாம் அண்ணை. படிவு, வீழ்படிவு, படிகாரம், படிவம் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போதுமான குழப்பம் உண்டு. தேற்றி அழகான சொல், ஐயாவோடு இலக்கணத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘தேற்றி சேர்க்கவும்’ என்று எழுதினால் வகுப்பில் அதை வினையெச்சமாகத்தான் வாசிப்பார்கள். எங்கள் ஊரில் தேற்றுவது என்றால் இழவு வீட்டில் செய்வது. அந்தச் சொல்லை நாங்கள் நிறையப் பாவித்துவிட்டோம். தெளி, தெளிவி: இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

இன்னொன்று, இதைப் பெயரைவிட முக்கியமாக நினைக்கிறேன். ‘ஜெலட்டின் குச்சி’ என்று செய்தியில் வருவது கல்லுடைக்கும் வெடி. கண்ணிவெடி அகற்றிய காணிகளில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். முதல் தடவை வரும் இடத்திலேயே ‘விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம்’ என்று எழுதிவிடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அது கட்டாயம் தெரிய வேண்டும்.

கிளிநொச்சி:

விளக்கத்தை அப்படியே சேர்த்துவிட்டேன் அக்கா. மன்னாரிலிருந்தும் தனிமடலில் தெளிவிக்கே ஆதரவு. நேரம் இல்லாததால் தலைப்பில் ‘தெளிவி’. தேற்றாங்கொட்டை பாடத்துக்குள் பெட்டிச்செய்தியாக வருகிறது.

வவுனியா:

பெட்டிக்குள் வைத்தது மகிழ்ச்சி. ஆனாலும் தெளிவி என்பது ‘தெளியச் செய்’ என்று ஆளை ஏவும் வினை. தேற்றியை வினையெச்சம் என்று தள்ளிவிட்டு ஏவலை ஏற்பது என்ன நியாயம்? என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ரொறன்ரோ:

என்னுடையதையும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனை நொதிக்கவிடும் முன், கொதிக்கும்போதே போடுகிறோம். அதற்கு மறை ஏற்றம். அது பிடிப்பது மதுவத்தை இல்லை, புரதத்தை. அதையும் தெளிவி என்றுதான் எழுதப் போகிறீர்களா?