'அட்ரிபியூட்': கைப்பொருளா, அடையாளக்கூறா?

கிறித்தவப் புனிதர் படங்களில் இவர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் பொருளை ஆங்கிலத்தில் 'அட்ரிபியூட்' (attribute) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இந்த இழையில் ஐயா முன்வைத்த 'கைப்பொருள்' நம் சிற்பங்களுக்குச் சரி, சங்கும் சக்கரமும் கையில்தானே இருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டு நெதர்லாந்திய ஓவியர்களிடம் போனால் இடிக்கிறது. யான் வான் எய்க் 1437இல் வரைந்த புனித பார்பராவை எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்ட்வெர்ப் அருங்காட்சியகத்தில் இருப்பது. கையில் குருத்தோலையும் புத்தகமும். குருத்தோலை வேதசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள்) எல்லாருக்கும் பொது, புத்தகம் யாரிடம்தான் இல்லை! இவர் பார்பராதான் என்று காட்டிக்கொடுப்பது முதுகுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருக்கும் கோபுரம். அப்பா மகளைக் கோபுரத்தில் அடைத்தார், இரண்டே சன்னல் வைக்கச் சொன்ன இடத்தில் மகள் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை நினைத்து மூன்றாவதையும் வைக்கச் செய்தார் என்பது கதை. வான் எய்க் அந்தக் கோபுரத்தைக் கொத்தர்களும் சுமையாட்களும் நிறைந்த ஒரு பெரிய கட்டுமான வேலையாகவே ஆக்கிவிட்டார்.

இதற்குப் போய்க் கைப்பொருள் என்றால் வாசகர் ஓலையைத்தான் பார்ப்பார்.

மற்ற படங்களிலும் இதே கதைதான். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள 1438ஆம் ஆண்டு 'வெர்ல்' பலகை ஓவியத்தில் பார்பரா கணப்படுப்பருகே உட்கார்ந்து படிக்கிறார், கோபுரம் சன்னலுக்கு வெளியே எங்கோ. ரோகியர் வான் டர் வெய்டன் வரைந்த படிக்கும் மகதலா மரியாவுக்குத் தைலச் சிமிழ் தரையில். மெம்லிங்கின் ப்ரூஜ் பீட ஓவியத்தில் புனித கத்தரீனாவை அடையாளம் காட்டும் சக்கரம் கீழே கிடக்கிறது.

அட்ரிபியூட்டைச் 'சின்னம்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. லீலிப்பூ தூய்மைக்குச் சின்னம், அங்கே பேசுவது கருத்து. கோபுரம் ஆளைச் சொல்கிறது. 'பண்புக்கூறு' ஏற்கெனவே கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது, விட்டுவிடுவோம்.

அதனால் 'அடையாளக்கூறு' என்கிறேன். கோபுரம், சிமிழ், புனித ஜெரோமின் அருகே வரும் சிங்கம் எல்லாம் இதில் அடங்கும், எங்கே இருந்தாலும் சரி. ஒளிவட்டம் அடங்காது, அது புனிதர் என்று மட்டுமே சொல்லும், எந்தப் புனிதர் என்று சொல்லாது. பெட்ரஸ் கிறிஸ்டஸின் 1449ஆம் ஆண்டுப் பொற்கொல்லர் படத்தில் பிற்காலத்தில் யாரோ சேர்த்த ஒளிவட்டத்தை 1993இல் நீக்கினார்கள், அப்புறம் அவர் பொற்கொல்லர்களின் காவலரான புனித எலிஜியுஸா வெறும் பொற்கொல்லரா என்று கேள்வி வந்துவிட்டது. தராசும் மோதிரமும் அப்படியே இருக்க, அவை அடையாளக்கூறா, கடைச் சாமானா? இதற்கும் சேர்த்து வரையறை எழுதவேண்டும், யாராவது தொடங்குங்கள்.