புதுப்பிப்பு: ஆலோசகர் கிடைத்துவிட்டார்

"நானும் கணவரும் பேசிக்கொள்வதே இல்லை, திருநெல்வேலியில் நல்ல ஆலோசகர் கிடைப்பாரா?" என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் போன இடம் சரியில்லை. என்னிடம் மட்டும் "அனுசரிச்சுப் போம்மா" என்றார்கள். அப்புறம் உங்களில் ஒருவர் சொன்னபடி அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-க்கு அழைத்தேன். இலவசம்தான், தமிழிலேயே பேசினார்கள். அந்தத் தைரியத்தில், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள மருத்துவ உளவியலாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் நாள் இருவரும் சேர்ந்து போனோம், பிறகு தனித்தனியாக, மறுபடி சேர்ந்து. அங்கே ஒரு பயிற்சி கொடுத்தார்கள்: ஒருவர் பேச வேண்டும். மற்றவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "நான் வீட்டுக்குள் நுழைந்தால் நீ நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை" என்று கணவர் சொன்னார். அதைத் திருப்பிச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

குடும்ப நல நீதிமன்றம் பற்றிக் கேட்டவர்களுக்கு: 1984 சட்டப்படி அங்கும் ஆலோசகர்கள் உண்டு. ஆனால் வழக்கு வரை போகவிடாதீர்கள், முன்பே போங்கள்.

அடுத்த அமர்வு வெள்ளிக்கிழமை. இந்த முறை நேரம் வாங்கியது அவர்தான்.