ஒரே மரம், மூன்று விடியல்: வசந்தத்தில் மலையைப் படமெடுக்கக் கற்ற அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

வசந்த காலத்தில் மலையைப் படமெடுக்கக் கற்றுக்கொண்ட அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். என்னுடையது உத்தராகண்டில், சோப்தா என்ற சிற்றூரில் நடந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஏப்ரல் முதல் வாரம். ரிஷிகேஷில் விடியற்காலை ஏறிய ஜீப் உகிமட் என்ற ஊரைத் தாண்டும்போது மாலையாகிவிட்டது. அதற்கு மேலே மலைச்சரிவு சிவக்கத் தொடங்கியது. எல்லாம் புரான்ஸ் மரங்கள். தாவரவியல்காரர்கள் ரோடோடென்ட்ரான் என்பார்கள். உத்தராகண்டின் மாநில மரம் இது; பக்கத்து நாடான நேபாளத்துக்கு இதன் பூதான் தேசிய மலர். இலை தெரியாத அளவுக்குக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அந்தப் பூவில் சர்பத் செய்து சாலையோரக் கடைகளில் விற்கிறார்கள். இலேசான துவர்ப்போடு நன்றாகவே இருக்கிறது.

முதல் நாள் நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். இரவு விடுதியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, நான் கண்ணால் பார்த்த மலை ஒன்றில்கூட இல்லை. அகன்ற கோண லென்ஸைப் போட்டு வானம், சிகரம், காடு, சாலை, சுமைக் கழுதை என்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்திருந்தேன். 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம் என் படத்தில் நகக்கண் அளவு வெள்ளைக் கீறலாகக் கிடந்தது.

எனக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். எல்லோரும் ‘பைஜி’ என்று அழைத்தார்கள்; கட்வாலி மொழியில் அண்ணன். அவர் என்னைப் ‘புலி’ என்று கூப்பிட்டபோது முதலில் திகைத்துப்போனேன். தங்கைக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல்லாம். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. என் படங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நாளையிலிருந்து உனக்கு ஒரே ஒரு மரம்தான், புலி. மூன்று நாளும் அதே மரம்” என்றார். தேவரியா ஏரி, துங்கநாத் கோயில், சந்திரசிலா சிகரம் என்று பெரிய பட்டியலோடு போயிருந்தவள் நான். மனம் சுருங்கிவிட்டது. ஆனாலும் தலையாட்டினேன்.

புல்வெளியின் விளிம்பில் முதுகு வளைந்து நின்ற ஒரு கிழட்டுப் புரான்ஸைத் தேர்ந்தெடுத்தேன். மரத்தோடு கழித்த மூன்று நாட்களில் முதல் விடியலில் இருபது நிமிடம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது என்றார். புல்லெல்லாம் உறைபனி. சும்மா நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. வெளிச்சம் எல்லா இடத்துக்கும் ஒன்றாக வருவதில்லை. முதலில் சிகரத்தின் நுனி மட்டும் இளஞ்சிவப்பாகிறது. பிறகு அது படிப்படியாக இறங்குகிறது. சிகரம் வெள்ளையாகிப் பகலாகிவிட்ட பிறகும் என் மரம் நிழலிலேயே நின்றது. வெயில் மரத்துக்கு வந்து சேரும்போது சிகரத்தில் நிறமே மிச்சமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் அழகாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு முந்தின நாள் ஓடியிருக்கிறேன். இந்த மரத்துக்கு எந்த வெளிச்சம் வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு நிற்பதுதான் வேலை என்று அன்று தெரிந்தது.

இரண்டாம் நாள் மேகமூட்டம். நான் முகம் வாடி நின்றேன். பைஜிக்கோ ஒரே மகிழ்ச்சி. “சிவப்புக்கு இதுதான் நாள்” என்றார். முந்தின நாள் வெயிலில் எடுத்த பூக்களைப் பெரிதாக்கிக் காட்டினார். இதழ் மடிப்பு, நரம்பு எதுவும் இல்லை. சிவப்புச் சாயத்தைக் கொட்டி வைத்தது போல இருந்தது. படத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுந்திருக்கிறது என்று காட்டும் கேமராவின் பொதுவான ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் குறையே தெரியாது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் சிவப்பு மட்டும் அளவு மீறி வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்தேன்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரு மடங்காகும். மேகத்தடியில் ஒரே ஒரு கொத்தை அருகில் போய் எடுத்தேன். பூவின் தொண்டைக்குள் கருஞ்சிவப்புப் புள்ளிகள். அடியில் தேன் மினுங்கியது. உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய தேனீ ஒன்று குளிரில் விறைத்து அதற்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது. ஒரு மணி நேரம் அந்த ஒரு பூவோடு இருந்தேன்.

அன்றிரவு பனி பெய்தது. ஏப்ரலில் அங்கே அது புதிதல்ல. காலையில் மரத்தடி முழுக்க வெள்ளை. அதன்மேல் உதிர்ந்த சிவப்பு இதழ்கள். அவசரமாக எடுத்த முதல் படத்தில் பனி சாம்பல் நிறத்தில் விழுந்தது. கண்ணில் படுவதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று கணக்கிடுவது கேமராவின் பழக்கம். பனிக்கு நாம்தான் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். பூவுக்குக் குறைத்தோம், பனிக்குக் கூட்டுகிறோம்; இரண்டும் ஒரே படத்தில் வரும்போது இதழ்களில் சிவப்பு முட்டாத வரைக்கும் கூட்டினேன்.

அப்போது பைஜி, “பின்னால் நட” என்றார். பனியில் கால் புதையப் புதைய இருநூறு அடிக்கு மேல் பின்னால் போனேன். அங்கிருந்து, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸில் பார்த்தால், முதல் நாள் நகக்கண் அளவில் கிடந்த சௌகம்பா என் மரத்துக்குப் பின்னால் சுவர்போல எழுந்து நிற்கிறது! தொலைவிலிருந்து பார்ப்பதால் மரம் சிறுக்கிறது, சிகரம் சிறுப்பதில்லை. டிரைபாடை ஊன்றி எடுக்கப் போனேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தக் கொம்பு எதைத் தொடுகிறது?” மரத்தின் மேல்கொம்பு சரியாகச் சிகரத்தின் விளிம்பில் போய் ஒட்டியிருந்தது. அரை அடி இடப்பக்கம் நகர்ந்தேன். கொம்புக்கும் மலைக்கும் நடுவே விரற்கடை அளவு வானம் திறந்தது. அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

தேவரியா ஏரிக்கும் கடைசி நாள் போனோம். சாரி கிராமத்திலிருந்து ஏறினால் சிறிது நேர நடைதான். நீரில் சிகரம் தெரியும் அந்தப் புகழ்பெற்ற காட்சி உண்மையிலேயே அழகு. காற்று எழுந்ததும் அது கலைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே போய் நிற்க வேண்டும். எனக்கு மனம் மரத்திடமே இருந்தது.

குன்னூரிலிருந்து:

அம்மா, நீங்கள் பார்த்த அந்தப் பூ எங்கள் மலையிலும் இருக்கிறது. காட்டுப்பூவரசு என்போம். இமயத்தில் இருப்பதும் நீலகிரியில் இருப்பதும் ஒரே இனம்தான். எங்களுடையது அதன் துணையினம். இடையில் சமவெளியில் எங்கும் கிடையாது. பூமி குளிர்ந்திருந்த காலத்தில் பரவி, வெப்பம் கூடியதும் குளிர்ந்த உயரங்களில் மட்டும் தங்கிவிட்டது என்கிறார்கள். புல்வெளியில் தனியாக நிற்கும் கிழமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

ஆனால் அங்கே போல ஏப்ரலுக்குக் காத்திருந்தால் இங்கே பூவைத் தவறவிடுவீர்கள். நம் கணக்கில் பங்குனி வரை பின்பனி, சித்திரையில்தான் இளவேனில். காட்டுப்பூவரசு பின்பனியிலேயே பெரும்பாலும் பூத்து முடித்துவிடுகிறது. இளவேனிலை எங்களுக்குச் சொல்வது சோலைக்காட்டின் தளிர்தான். நாவல் வகை மரங்கள் தாமிர நிறத்திலும் ரத்தச் சிவப்பிலும் துளிர்விடும். வெளியூர் நண்பர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இலையுதிர் காலமா என்று கேட்கிறார்கள். இல்லை, பிறந்து சில நாளே ஆன இலைகள்.

நான் ஃபிலிம் காலத்து ஆள். ஒரு சுருளில் 36 படம். அதனால் நின்று பார்க்கும் பழக்கம் தானாகவே வந்தது. வயதான பிறகு கற்றது வேறொன்று. சித்திரை மாதப் பிற்பகலில் மஞ்சு என்னும் மூடுபனி இறங்கும்போது சோலைக்குள் தெளிவான படம் கிடைக்காது. அப்போது ஷட்டரைக் கால் நொடிக்கு வைத்துக் கேமராவை மேலிருந்து கீழாக மெல்ல இறக்குவேன். மரத்தண்டுகள் நீண்டு கரைந்து, தளிரின் சிவப்பு மட்டும் தூரிகை இழுத்தது போல நிற்கும். முப்பது எடுத்தால் ஒன்று தேறும். அந்த ஒன்றில் சோலையின் ஈரம் இருக்கும்.

வாகனம் எடுத்து வருகிறவர்கள் நீலகிரிக்குள் நுழைய இணையவழி அனுமதியான இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து அது வேண்டும்.

போடியிலிருந்து:

எங்கள் பக்கம் வசந்தம் என்றால் காய்ந்த புல்லும் புகைமூட்டமும்தான். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தீக்காலத்தில் வனத்துறை பாதையை மூடினால் மூடியதுதான். படத்துக்காக ஒளிந்து உள்ளே போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

நான் போடிமெட்டுச் சாலையை விட்டு இறங்குவதே இல்லை. புகைமூட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் காலை சூரியனுக்கு எதிராக நீள லென்ஸில் பார்த்தேன். மலைக்குப் பின் மலையாக ஏழெட்டு மடிப்புகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட வெளிறி, கடைசி மடிப்பு வானத்தோடு சேர்ந்துவிட்டது. தெளிந்த வானத்தில் இந்த அடுக்குகள் பிரியவே பிரியாது. அன்றிலிருந்து மார்ச் மாதத்தில் கறுப்பு வெள்ளை மட்டும்தான் எடுக்கிறேன்.

சேலத்திலிருந்து:

அக்கா, என்னிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது. நான் சோப்தா போனால் பயன் உண்டா?

திருச்சியிலிருந்து:

கண்டிப்பாகப் போங்கள், தம்பி. கைபேசியில் அகன்ற லென்ஸை மறந்துவிட்டு இரண்டு, மூன்று மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். பூவின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இதழ் மடிப்பு தெரியும். விடியற்குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். கைபேசியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். வெளியிலிருந்து திரும்பியதும் நேராக அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

குன்னூர் ஐயா, தளிருக்காகச் சித்திரையில் உங்கள் ஊருக்கு வருகிறேன்.

தேதி குறிக்கும்முன் ஒரு செய்தி, தம்பி. இந்த ஆண்டு என் மரம் பிப்ரவரியிலேயே பூத்துவிட்டதாகப் பைஜி படம் அனுப்பியிருந்தார். குளிர்காலத்தில் பனியே சரியாக விழவில்லையாம். படத்தில் மரத்தடி வெறும் பழுப்புப் புல்லாக இருந்தது. அதனால் ஏப்ரல் என்று நான் சொன்னதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். விடுதிக்காரரிடம் பிப்ரவரி தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.