யாரும் சொல்லணுமா? – மனசுக்குள் இருந்த கட்டு அவிழ்ந்த அனுபவங்கள்

கீரனூர்க்காரி:

என் அம்மாவைப் பற்றி எழுதி இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டது 1992ல். புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்த சமயம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க வந்த இயக்கம், பெண்களுக்கு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்போது கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், நர்சுகள், வயல் வேலைக்குப் போனவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள்.

அம்மாவுக்கு அப்போது 31 வயது. எனக்கு ஒன்பது. ராத்திரி வகுப்பு முடிந்த பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி. சொல்லிக் கொடுத்தது பிளஸ் டூ முடித்திருந்த ஒரு தொண்டர் அக்கா. அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். "பிடிச்சுக்க தாயி, விட்டுட்டுப் போயிடாதே" என்று அம்மா கத்திக்கொண்டே மிதிப்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்த அக்கா சொல்லாமலே கையை எடுத்துவிட்டார். மைதானத்தின் அந்தப் பக்கம் வரை போய்த்தான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் விழுந்தார், முழங்கை சிராய்த்துப் போனது. எழுந்து மறுபடி ஏறினார்.

லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது தட்டுப்பாடு. வாடகைக்குக் கிடைத்தது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள்தான். நிறையப் பெண்களுக்கு அதுவே பிடித்தும் போனது, முன்னால் பிள்ளையை உட்கார வைக்கலாமே. நானும் அந்த பாரில் உட்கார்ந்து, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டி, ஊரைச் சுற்றி வந்தவள்தான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசாத பேச்சில்லை. அம்மா மணியை அடித்துக்கொண்டே போய்விடுவார்.

இவ்வளவு சொன்னது அடுத்து நடந்ததற்காக.

2011ல் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் பூ வைத்து, வளையல் அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் உடைத்து அறுக்கும் சடங்கு எங்கள் வீட்டில் வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். சித்தப்பா, அத்தை எல்லோரும் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அம்மா குளித்துவிட்டு வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை.

"யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா?"

"யாரும் சொல்லணுமா?"

ஊரே பேசியும் சைக்கிளை விட்டு இறங்காதவர் இவர். அந்தத் துணிச்சல் எங்கே போனது என்று எனக்குப் பல வருடம் கோபமாக இருந்தது. அம்மா மேல்தான் கோபம். அது தவறு என்று தம்பி மகளின் காதுகுத்தில்தான் உறைத்தது. ஆரத்தி எடுக்க ஆள் தேடினார்கள். தட்டு என் கையில் இருந்தது. பக்கத்தில் அம்மா. நான் யோசிக்கவே இல்லை, அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டி சித்தியிடம் கொடுத்தேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போனது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் சமையல் பக்கம் நகர்ந்தார். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

தெற்குத்தெரு:

"கை தானாகப் போனது" என்று எழுதியிருக்கிறீர்களே அக்கா, எனக்குக் கால்.

மதுரை மாவட்டம். ஊர் பெயர் வேண்டாம். மேலத்தெரு வழியாகப் போனால் என் தாத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அப்பா சைக்கிளை விட்டு இறங்கி அந்த இருநூறு அடியையும் தள்ளிக்கொண்டே போவார். தீண்டாமையை ஒழித்து அரசியல் சட்டம் வந்தது 1950ல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989ல். அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்து மார்க்கும் வாங்கினேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து பைக் வாங்கினேன். கிண்டியில் பஸ்களுக்கு நடுவே ஓட்டுகிறவன், லீவுக்கு ஊருக்கு வந்தால் அந்தத் தெரு முனையில் என் கால் தரையில் ஊன்றிவிடும். வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளுவேன். என்னை யாரும் நிறுத்தியதே கிடையாது.

2008 மே 6 அன்று உத்தபுரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். எங்கள் மாவட்டத்திலேயே, தலித் மக்களின் தெருக்களைப் பிரித்து 1989ல் கட்டிய சுவர் அது. மறுநாள் பேப்பரில் வந்ததை அப்பா இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த மாதம் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து அந்தத் தெருவுக்குள் வண்டியை விட்டேன். "எறங்கிருவோம்ப்பா" என்று தோளைத் தட்டினார். "உக்காருங்கப்பா" என்றேன். ஹேண்டில்பார் கையில் நடுங்கியது. டீக்கடையில் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் பேப்பருக்குத் திரும்பினார். அவ்வளவுதான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பயம் வெறும் மனப்பிரமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பைக்கில் போனதற்காகப் பையன்களை அடிக்கிற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. எனக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். எல்லோரும் துணிந்தால் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பா தனியாகப் போனால் இன்னமும் இறங்கித்தான் தள்ளுகிறார். போன பொங்கலுக்கு என் ஏழு வயது மகன் கூடப் போனான். "ஏன் தாத்தா தள்றீங்க, மேடா இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். "ஆமாடா, மேடு" என்றாராம்.

வெண்மதி:

எனக்குப் பெரிய கதை இல்லை. மாதவிடாய் நாளில் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுவிடும் என்று வளர்ந்தவள். ஈரக்கரண்டி போட்டால்தான் ஊறுகாய் கெடும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தனியாக வீடு எடுத்து ஆறு வருடம் ஆகிறது, கேட்க ஆளே இல்லை. ஆனாலும் அந்த மூன்று நாள் தயிரோடு நிறுத்திக்கொள்வேன். இரண்டையும் படித்துவிட்டு நேற்று எடுத்துச் சாப்பிட்டேன். ஒரு வாய் மட்டும்.

கீரனூர்க்காரி:

தம்பி, "மேடு" என்று படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். வெண்மதி, அந்த ஒரு வாய்க்காக அவ்வளவு சந்தோஷம்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2022ல் திருச்சியில் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா. பால் காய்ச்சுவது அம்மாதான் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை, சொன்னால் வராமலே இருந்திருப்பார். அடுப்பு முன்னால் நிறுத்தித் தீப்பெட்டியைக் கையில் கொடுத்தேன். மாமியார் என்னைப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. முதல் இரண்டு குச்சி அணைந்து போனது. மூன்றாவதை உரசும்போது அம்மா மெதுவாகச் சொன்னார்: "பக்கத்துலயே நில்லு. விட்டுட்டுப் போயிடாதே."

பால் பொங்கியது. நான் நகரவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து, திருச்சி வீட்டில் இருக்கும்போது மட்டும் அம்மா சின்னதாக ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைக்க ஆரம்பித்தார். ஊருக்குப் போகும்போது பஸ் கீரனூர் தாண்டியதும் அதை எடுத்துக் கைப்பையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வார். திரும்பி வந்து மறுபடி அதையே எடுத்து வைப்பார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போனோம். கீரனூர் தாண்டியது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பையைத் திறக்கவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.