காலை பிபி ஏறுகிறது, பாதம் சில்லென்று இருக்கிறது: கட்டுப் போடலாமா?

கேள்வி (கோத்தகிரி பக்கம், வீடு தேடிப் போகும் செவிலியர்):
ஜனவரிக் குளிரில் காலை 7 மணிக்கு தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் பிபி 165, 170 காட்டுகிறது. அதே ஆளுக்கு மத்தியானம் சென்டரில் 145. எதை எழுதுவது? கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கி, உள்பக்கம் புண் இருக்கிறது. பாதத்தில் நாடி கைக்குச் சிக்கவில்லை. கிரேப் பேண்டேஜ் (இழுத்து இறுக்கிச் சுற்றும் கட்டு) சுற்றலாமா?

பதில் 1:
இரண்டையும் நேரம் போட்டு எழுதுங்க சிஸ்டர். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிபி ஏறும், அது பொய்க் கணக்கு இல்லை. ஆனால் ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே புஜத்தை இறுக்கிக் கணக்கைக் கெடுக்கும். முழுசாகக் கழற்றச் சொல்லுங்க. டீயோ பீடியோ முடிந்து அரை மணி ஆகட்டும். சிறுநீர் கழித்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய 5 நிமிடம் உட்காரட்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் (பிபி கருவியின் பட்டை) கட்டினால் கூடுதலாகக் காட்டும். முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்க, கூடுதலாக வந்த கைதான் இனி உங்கள் கை.

பதில் 2:
கட்டு இப்போது வேண்டாம். முதலில் கம்பளி போர்த்திப் படுக்க வைத்து, 10 நிமிடம் கழித்து பாதத்தின் மேலும், உள்கணுக்காலுக்குப் பின்னாலும் தொட்டுப் பாருங்க. பாதத்தின் மேல் நாடி சிலருக்குப் பிறவியிலேயே சிக்காது. பிறகு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் சின்னக் கருவி): கணுக்காலுக்குச் சற்று மேலே கஃப் கட்டி, சத்தம் நின்றபின் இன்னும் 20 ஏற்றி, மெதுவாக இறக்குங்க. சத்தம் திரும்பும் எண்ணைக் கையின் மேல் பிபி எண்ணால் வகுக்கணும். கையில் 150, காலில் 90 என்றால் 0.6. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி (காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைப்பு. 0.5-க்குக் கீழே இருக்கும்போது இறுக்கிக் கட்டினால் விரலே கருகிப்போகலாம். சர்க்கரைக்காரர்களுக்கு 1.4-ஐத் தாண்டினால் நல்லது என்று நினைக்காதீங்க, குழாய் சுண்ணாம்பேறி அமுங்காமல் நிற்கிறது.
உள்கணுக்காலில் ஆழமில்லாமல் கசிந்து, சுற்றிலும் பழுப்பேறியிருந்தால் சிரைப் (ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் குழாய்) புண். விரல் நுனியில் வறண்டு, ராத்திரி காலைத் தொங்கவிட்டால்தான் வலி குறைகிறது என்றால் தமனி. ஒரே காலில் இரண்டும் இருக்கலாம்.

கேட்டவர்:
சென்டரில் டாப்ளர் இல்லை அக்கா.

பதில் 3:
அப்படியானால் கட்டாமல் ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி அனுப்புங்க. அம்லோடிபின் (பிபி மாத்திரை) சாப்பிடுகிறாரா கேளுங்க, இரண்டு காலும் வீங்க அதுவும் காரணமாகலாம். கரியடுப்பில் கால் காய்ச்சுவதை நிறுத்தச் சொல்லுங்க. உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கம்பளி சாக்ஸ் போதும். திடீரென்று ஒரு கால் வெளுத்து, மரத்து, அசைக்க முடியாமல் போனால் உடனே 108. கையில் இருப்பது சுமார் 6 மணி நேரம், மலை இறங்கும் நேரமும் அதற்குள்தான்.