புதுப்பிப்பு: "கேட்டால் என்ன குறைந்துவிடும்?"

திறந்த மூல நிரல்களை (யாரும் பார்த்து, இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்களை) சம்பளமின்றிப் பராமரிப்பவர்களை அதட்டாதீர்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். "சீக்கிரம் முடியுங்கள் என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று சிலர் கேட்டார்கள். சரி, எக்ஸ்இசட் கதையைப் பாருங்கள்.

கோப்புகளைச் சுருக்கும் இந்த நிரலை லாஸ்ஸே காலின் ஏறக்குறைய தனியாளாகவே பார்த்துவந்தார். 2022-இல் முன்பின் தெரியாத பெயர்களில் சிலர், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நச்சரித்தார்கள். மனநலம் சரியில்லை, இது காசு வாங்காத பொழுதுபோக்கு வேலை என்றார் அவர். வருத்தம்தான், ஆனால் உங்கள் எல்லை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்ற ரீதியில் பதில் வந்தது. என்ன கரிசனம்!

கைகொடுக்க வந்த 'ஜியா டான்' மெல்லப் பொறுப்பைப் பிடித்தார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் நுழைத்த கள்ளக்கதவு, அதாவது கணினிக்குள் ரகசியமாகப் புகும் வழி, இருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற நிரலாளர் தோண்டியதால்தான் அது வெளியே வந்தது.

அன்று நச்சரித்தவையும் ஜியா டானுக்கு வழிவிட வைப்பதற்கான போலிக் கணக்குகள் என்றே பலரும் சந்தேகிக்கிறார்கள். அன்று யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. நிஜப் பயனர்களும் தினமும் அப்படித்தானே பேசுகிறார்கள்?